மூச்சடக்கத் தெரிந்தவர்

— உங்க சோதனை ஊருக்கெல்லாம் சரி, டாக்டர். எங்க அண்ணனுக்குச் செல்லாது.

— ஏன் தம்பி?

— அவரு கப்பலுக்கு அடியில முக்குளிச்சுப் பாசி சுரண்டுறவரு. எனக்கும் அதே வேலைதான். நான் ரெண்டு தடவ மேல வந்து மூச்சு வாங்கிட்டுப் போனாலும் அவரு கீழயேதான் கிடப்பாரு. நீங்க மூச்சு மெஷினக் கழட்டிட்டு, மூச்சு விடல, ஆள் போயாச்சுன்னா எப்படி? சரியான அழுத்தக்காரர். அடக்கிட்டுக் கிடப்பாரு.

— மூச்சை அடக்குறதும் மூளை செய்யுற வேலைதான், தம்பி. அடக்க ஒருத்தர் உள்ள இருக்கணும்.

— நேத்துக் கால் வெடுக்குனு இழுத்துச்சே?

— நானும் பாத்தேன். அது முதுகுத்தண்டு தானா செய்யுற அசைவு. மூளையைக் கேட்டுட்டு வர்றதில்ல. அதனாலதான் நாங்க முகத்துல தேடுறோம். டார்ச் அடிச்சோம், கண்மணி சுருங்கல. கருவிழியைப் பஞ்சால தொட்டோம், இமைக்கல. காதுக்குள்ள ஐஸ் தண்ணி விட்டோம், கண்ணு அசையல.

— காதுல தண்ணி போறதெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமா? அதுக்கெல்லாம் அசர மாட்டாரு.

— தம்பி, டாக்டர்கிட்ட ஏம்ப்பா மல்லுக்கட்டுற?

— நீங்க இருங்க அண்ணி. உங்க புருஷனுக்காகத்தான் பேசுறேன்.

— என் புருஷனுக்கு நான் வக்கீல் வைக்கலியேப்பா.

— கோமாவுல கிடந்தவங்க எழுந்து உக்காந்திருக்காங்கன்னு எங்க மேஸ்திரி சொல்றாரு, டாக்டர்.

— கோமாவுல மூளை பழுதாகியிருக்கும், செத்திருக்காது. இருமுவாங்க, தானா மூச்சு விடுவாங்க. உங்க அண்ணனுக்குத் தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சு, மூளை வீங்கி, ரத்தமே ஏறாமப் போயிடுச்சு. மயக்க மருந்தால வந்த மாயம் இல்ல, ஜுரம் இல்ல, குளிர் இல்ல. எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

— சரி, எவ்வளவு நேரம் கழட்டி வைப்பீங்க?

— கடிகாரத்தை மட்டும் வச்சு முடிவு பண்றதில்ல. ஆக்சிஜன் மெல்லிய குழாய்ல போயிட்டே இருக்கும். கெட்ட காத்து மட்டும் வெளிய போக வழியில்லாம ரத்தத்துல ஏறும். போதுமான அளவு ஏறிடுச்சான்னு ரத்தத்தை எடுத்துப் பாப்போம். நீங்களே சொல்லுங்க, தண்ணிக்கடியில ரொம்ப நேரம் இருந்தா என்ன ஆகும்?

— வயிறு உதறும்.

— நீங்க உதறச் சொல்லுவீங்களா?

— யாரு சொல்லுவா? அதுவா உதறும். பல்லக் கடிச்சுட்டு இருக்கலாம். உதறல நிறுத்த முடியாது.

— அண்ணனாலயும் முடியாதா?

— ...முடியாது.

— அந்த உதறலைத்தான் தேடுறோம். காலையில ஒரு தடவ தேடியாச்சு. இப்ப இன்னொரு டாக்டரும் சேர்ந்து ரெண்டாவது தடவ. வாங்க, பக்கத்துல நில்லுங்க. வயித்து மேல லேசா கை வச்சுக்குங்க. அழுத்த வேணாம்.

— அண்ணி வெளிய இருக்கட்டும் டாக்டர். அவங்க இன்னும் நம்பிட்டிருக்காங்க. அவங்க மூஞ்சியப் பாத்து இல்லைன்னு சொல்ல எனக்குத் தெம்பில்ல.

— சரிப்பா, நான் கதவுகிட்ட நிக்கிறேன்.

— கழட்டுறோம், தம்பி.

— அண்ணே... உதறுண்ணே. ஒரே ஒரு தடவ. அடக்காதண்ணே, போட்டி எல்லாம் நீதான் ஜெயிச்ச, போதும்.

— ரத்தம் எடுத்துட்டாங்க. கொஞ்சம் பொறுங்க.

— எவ்வளவு ஏறியிருக்கு?

— வேண்டிய அளவைத் தாண்டிருச்சு. மெஷின மறுபடியும் மாட்டுறோம்.

— கைக்கடியில ஒண்ணுமே இல்ல, டாக்டர். நெஞ்சு துடிக்குது. வயிறு சும்மா கிடக்குது.

— உக்காருங்க தம்பி.

— வேணாம். நான் மூஞ்சி கழுவிட்டு வர்றேன். வந்து அண்ணிகிட்ட நானே சொல்றேன். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க.

— ...போயிட்டானா, டாக்டர்?

— தண்ணிக்குழாய் பக்கம் போயிருக்காரும்மா. உள்ள வாங்க. காலையில தம்பி வர்றதுக்கு முன்னாடி சோதனை செஞ்சப்ப நீங்களும் இதே இடத்துலதான் கை வச்சிருந்தீங்க. அப்பவே தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

— நான் சொல்லியிருந்தா அண்ணி கைகழுவிட்டாங்கன்னு காலம் பூரா நெனச்சிருப்பான், டாக்டர். இப்ப அவன் வந்து சொல்லட்டும், நான் மொதத் தடவையா கேக்குற மாதிரி கேட்டுக்கிறேன்.