கேட்டை மூடாதீங்க

கேட்டை மூடாதீங்க தம்பி. ஆமா, திறந்தேதான் கிடக்கணும். மூடச் சொல்லித்தான் போர்டு இருக்கு, எனக்கும் படிக்கத் தெரியும். ஸ்காட்லாந்து பூரா ஆட்டுக்காரன் எல்லாம் கேட்டை மூடு, கேட்டை மூடுன்னு கத்துறான், இந்த ஆர்ச்சி கார்கில் மட்டும் திறந்து வைக்கச் சொல்றானேன்னு பாக்குறீங்க. என் ஆடு, என் கேட்டு. விடுங்க.

எங்க, ட்ரோவி மலைக்கா? இதான் முதல் தடவையா? போன மே மாசம் வரலியா? சரி சரி, சும்மா கேட்டேன்.

கையில என்ன அது? கல்லா? மேல கொண்டுபோய் வைக்கவா? கீழ போடுங்க தம்பி, முதல்ல அதைக் கீழ போடுங்க. அந்த இன்னொரு போர்டு இருக்கே, அதான் என் உசிர வாங்குது. எடின்பரோவுலேர்ந்து ரிட்டயராகி வந்த நாலு பேரு சங்கம் வெச்சு நட்டது. உச்சியில இருக்குற குவியல் ஏதோ வைக்கிங் ராசாவோட சமாதியாம், ஆளுக்கொரு கல்லு வெச்சா அதிர்ஷ்டமாம். இந்த மழையில, இந்தச் சேத்துல, எந்த ராசா வந்து செத்தான்? மூணு கூட்டத்துக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்துனேன். பிஸ்கட்டு குடுத்து அனுப்பிட்டாங்க.

சமாதியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்தப் பள்ளத்தாக்கை விட்டுப் போறவங்க அவங்கவங்க வீட்டுச் சுவத்துலேர்ந்து ஒரு கல்லைப் பேத்து, மேல வெச்சுட்டுப் போவாங்க. திரும்பி வந்தா தன் கல்லைத் தானே எடுக்கணும். எடுத்த பிறகுதான் வீட்டு வாசப்படி மிதிக்கணும். வேற யாரும் தொடக்கூடாது, பெத்தவங்ககூட. அவ்வளவுதான் சட்டம். அப்ப மேல மிச்சம் கிடக்குறது யாரு? வராதவங்க. முன்னூறு வருசத்துக்கு முன்ன சிம்மாசனம் கேட்டு வந்த இளவரசன் பின்னாடி சண்டைக்குப் போனவங்க கல்லு இருக்கு. அப்புறம் நிலத்துக்காரப் பிரபு, ஆடு விட இடம் வேணும்னு கூரையக் கொளுத்தித் துரத்துனானே, கனடாவுக்குக் கப்பலேறுன குடும்பங்க, அவங்க கல்லெல்லாம் அடியில பாசி புடிச்சுக் கிடக்கு. பிள்ளைங்க வெச்சது சின்னச் சின்னதா இருக்கும்.

எங்கப்பா காலத்துல மேரியன் கார்மைக்கேல்னு ஒருத்தி முப்பத்தெட்டு வருசம் கழிச்சுத் திரும்பி வந்தா. பஸ்ஸ விட்டு எறங்குனவ, பெட்டிய வேலியோரம் வெச்சுட்டு, புதுச் செருப்போட நேரா மலையேறிட்டா. தங்கச்சிக்காரி வாசல்ல நின்னு அழுவுறா, இவ நிக்கவே இல்ல. கல்லோட எறங்கி வந்து, சுவத்து ஓட்டையில அதைச் சொருவிட்டுத்தான் டீயத் தொட்டா. அப்படி இருந்த எடம் தம்பி இது.

இப்ப வர்றவன் போறவன்லாம் கல்லு வெக்கிறான், அடுக்கி அடுக்கி போட்டோ புடிக்கிறான். ஞாயித்துக்கிழமையானா அதையெல்லாம் பொறுக்கி எறியறதுதான் எனக்கு வேலை. முட்டி தேஞ்சுபோச்சு. உங்க ஓடைக்கல்லு வழவழன்னு இருக்கும், எங்க கல்லுல சுண்ணாம்பு ஒட்டியிருக்கும், பாத்தா தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ஞாபகத்துக்குன்னு எடுத்துட்டுப் போறானுங்க பாருங்க, அதான் வயிறு எரியுது.

எது? ஆமா, அது எங்க வீடுதான். ஜன்னலுக்குக் கீழ ஓட்டைதான் அது. கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு.

எங்க பையன் லாக்லன் பேத்துட்டுப் போனது. பீட்டர்ஹெட்ல மீன்புடி படகுக்குப் போனான். பதினாலு வருசம் ஆச்சு. படகும் கிடைக்கல, ஆறு பேருல ஒருத்தரும் கிடைக்கல. சர்ச்சுல பாட்டுப் பாடி, பேரைச் செதுக்கி, எல்லாம் முடிஞ்சுது. எனக்குத் தெரியாதா? நான் ஒண்ணும் கிறுக்கன் இல்ல.

போன மே மாசம் ஒரு ஆட்டைத் தேடி மேல போனேன். அவன் கல்லைக் காணோம். எழுபத்தொரு வயசுல அந்த மலையில ஓடி எறங்குனேன் தம்பி. மூணு தடவை விழுந்தேன். வந்து பாத்தா சுவத்து ஓட்டை காலியாத்தான் இருக்கு. சரி, பசியோட வந்திருப்பான், சாப்பிட்டுட்டு வெப்பான்னு நெனச்சேன். உள்ள என் பொண்டாட்டி எஃபி உருளைக்கெழங்கு உரிச்சிட்டிருந்தா. லாக்லன் எங்கன்னு கேட்டேன். அவ கத்தியக் கீழ வெச்சா. நிமிந்து என்னைப் பாத்தா. அந்த மொகத்தை இன்னொருதரம் என்னால பாக்க முடியாது.

அன்னைலேர்ந்து கேட்டு திறந்துதான் கிடக்கு. ஆடெல்லாம் ரோட்டுக்குப் போயிடுது. பக்கத்துப் பண்ணைக்காரன் வாட்டி வாய்க்கு வந்தபடி திட்டுறான். எஃபி, மூடித் தொலைங்கிறா. எப்படி மூடுறது? மேல அவன் கல்லு இல்லியே.

உங்களை மாதிரி எவனோ பையில போட்டுட்டுப் போயிருப்பான். அதுவும் தெரியும். தெரிஞ்சு என்ன பண்ண?

நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி, போன மே மாசம் நீங்க வரலியா? நான்தான் எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். சத்தியமா திட்டமாட்டேன். கேட்டை மூடிட்டு உள்ள போயிடுவேன்.