அவரும் கேக்கட்டும்னுதான்

அழுங்க, ஒண்ணும் தப்பில்ல. மொத நாள் இந்த நாற்காலியில உக்காந்த எல்லாத் தாயும் அழுதவதான். இந்தாங்க, மைலோ. இந்த டனீடன் ஊருக் குளிருக்கு சூடா எதையாச்சும் எறக்கணும்.

எனக்கும் பையன்தான். லாக்லன், பதினஞ்சு வயசு. உங்க பையன மாதிரியேதான், சின்னப் பிள்ளைகிட்ட தப்பா நடந்துகிட்டான். கோர்ட்டு இங்க கவுன்சிலிங்குக்கு அனுப்புச்சு. இப்ப எந் தம்பி வீட்ல இருக்கான். இல்லங்க, எங்க வீட்டுக்குள்ள நான் சேக்கல.

பாசமா? இருக்கு, இல்லாம போகுமா? அதுக்காக விட்டுருவேனா? வந்த புதுசுல, அது என்னமோ நடந்துருச்சும்பான். நடக்கலடா, நீ செஞ்சேம்பேன். வாராவாரம் இதே சண்டை. உள்ள பாத்தீங்களே ஹினேவாய், பசங்ககிட்ட பேசுறவங்க, அவங்களே கொஞ்சம் மெதுவாப் போங்கன்னுட்டாங்க.

ஆனா என் வயித்தெரிச்சல் இவனோட நிக்கல. எல்லாம் இவங்கப்பன், கிரெய்க். எம் மவன் அப்படிப்பட்டவனில்ல, அந்தக் குட்டி பொய் சொல்லுதுன்னு ரக்பி கிளப்பு பூரா சொல்லிட்டு வந்தாரு. அது காதுபடவே சொன்னாருங்க. அன்னையிலருந்து அந்தப் பிள்ளை வாயே தெறக்கறதில்ல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், உண்மைய இவன் வாயாலயே இந்த மனுசன் காதால கேக்க வைக்காம ஓயமாட்டேன்னு.

எத்தனையோ தடவ கூப்பிட்டாச்சு, வரல. கடைசியில, நீங்க வந்து உக்காந்தாத்தான் பையன வீட்டுக்கு அனுப்புவாங்களாம்னேன். பச்சப் பொய். சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு கெளம்பிட்டாரு.

இப்பத்தான் உள்ள, லாக்லன் தலையத் தூக்கி அவரையே பாத்தான். அப்பா, அவ பொய் சொல்லல. நாந்தான் செஞ்சேன். வெளிய சொல்லாதன்னு மெரட்டுனதும் நாந்தான். நீங்க என்னை நம்புனது எனக்கு வசதியாப் போச்சுன்னான்.

இவரு மூஞ்சியப் பாக்கணுமே. அதுக்குத்தானே காத்துக் கெடந்தேன். கண்ண எடுக்காமப் பாத்தேன்.

அந்தா, சன்னலுக்கு வெளிய, மழையில நிக்குது பாருங்க நீலக் காரு. உள்ளதான் இருக்காரு, ஸ்டியரிங்ல தலைய வச்சுக்கிட்டு. இருக்கட்டும். நான் ஆற அமரக் குடிச்சிட்டுத்தான் போவேன்.

ஆறுதலா? நானா? வீட்டுக்குப் போனதும் அவ முன்னால மண்டி போட்டு, நீ பொய் சொல்லலம்மான்னு இவரு சொல்லணும். அப்புறம் பாக்கலாம்.

யாரு முன்னாலயா? ஃப்ரேயா முன்னாலதான். ஏழு வயசு. இவரு பெத்த பொண்ணுதாங்க.