வேப்பமரப் பிடியால் வண்டியையும் எங்களையும் காத்த போர்மேன் இருளாண்டி அவர்களுக்கு

மருந்தறை வாசலில் முதல் ஆளாக நின்று, செருப்பைக் கழற்றச் சொல்லி, செல்போனை வாங்கி வைத்து, சேலை முந்தியைச் செருகச் சொல்லி, அதன்பின் எங்களை உள்ளே அனுப்பிய காவலரே! பித்தளைக் கரண்டியும் மரச்சுத்தியும் தவிர வேறொன்றையும் தொடவிடாத பிடிவாதப் பெருந்தகையே! எம். புதுப்பட்டிப் பட்டாசுத் தொழிலகத்தில் எங்களோடு மேனி கருத்து, எங்களுக்காகத் தலை நரைத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் இருளாண்டி அண்ணன் அவர்களே! வணக்கம், வணக்கம், இன்னொரு முறையும் வணக்கம்!

வணக்கத்தை இப்படி நீட்டினால், “போதும், போய்ச் சோலியப் பாருங்க” என்பீர்கள். இன்று ஒரு நாள் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். நாங்கள் பேச வேண்டும். மாலை கழுத்தில் அரித்தாலும் கழற்றிவிடாதீர்கள்.

உங்கள் நேர்மையையும் நேரந்தவறாமையையும் நிர்வாகத்தார் சொல்லிவிட்டார்கள். நாங்கள் பாட வந்தது ஒரு மரக்கட்டையின் புகழை. சிரிக்காதீர்கள் அண்ணா, கட்டையின் புகழ்தான்! வேப்பங்கட்டையைக் குடைந்து, இரண்டாகப் பிளந்து, உள்ளே பழைய சைக்கிள் டியூபை ஒட்டி, இரு ஓரமும் பித்தளைத் திருகு வைத்து, உங்கள் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் முன்ஃபோர்க்கைக் கழற்றும்போது அது உருளாமல், கீறாமல் பிடித்துக்கொள்ள நீங்களே வீட்டில் செய்தீர்களே, அந்தக் கட்டை.

அதைப் பார்த்து நாங்கள் எவ்வளவு கேலி செய்தோம்! பட்டாசு அறைக்குள் இரும்பு உரசினால் பொறி பறக்கும், அதனால் ஆகாது, சரி. வீட்டு வாசலில் வண்டி கழற்றுவதற்குமா? “அண்ணே, உங்க வண்டிக்குள்ள வெடிமருந்தா கெட்டிச்சுக் கிடக்கு?” என்று எல்லோர் முன்னிலும் கேட்டவன் நம் லோடு ஏற்றும் காளிராஜ். நீங்கள் அன்று சொன்ன பதில்: “திருகுறதுக்கு இரும்பு, பிடிக்கிறதுக்கு மரம். பிடிக்கிற கை மெத்துனு இருக்கணும்லே.” அதற்கும் சிரித்தோம்.

சென்ற தீபாவளி சீசனில் அந்தச் சிரிப்பு அடங்கியது. காளிராஜின் அண்ணன் செழியன் கால் முறிந்து கட்டோடு கிடந்தார். அவர் மனைவி, நம் பேக்கிங் நாகஜோதி, கணவரின் வண்டியைத் தானே ஓட்டப் பழகி, காலையில் அவரைச் சாத்தூரில் காட்டிக் கட்டு மாற்றி, வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். விடியுமுன் வந்துபோகும் கம்பெனி வேனுக்கு அவளால் நிற்க முடியாது. வண்டி இருந்தால்தான் வைத்தியமும் உண்டு, வேலையும் உண்டு. அந்த வண்டியின் முன்ஃபோர்க்கில் ஆயில் கசிந்தது. பட்டறைக்காரரோ தீபாவளி கழியட்டும் என்றார். காளிராஜ் தானே, கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைப் புதிதாக வாங்கி வந்து, ஃபோர்க்கின் பளபளத்த குழாயை பல் வைத்த இரும்புப் பைப் ரெஞ்சால் கவ்விப் பிடித்து மாட்டினான். ரெஞ்சின் பல் குழாயைக் கீறியது. கீறல் புதுச் சீலை அறுத்தது. ஆயில் வழிந்து முன்பிரேக்கில் இறங்கியது. சாத்தூர் சாலை வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் கட்டுக் காலோடு கணவர்! வேலிக்கருவேலம் புதர் பிடித்து நிறுத்தியது. நாகஜோதி சாவியை நம் தொழிலகத்துத் தண்ணீர்த் தொட்டியருகே எறிந்துவிட்டு, “இனி வண்டியும் வேண்டாம், வேலையும் வேண்டாம்” என்று அழுதாள்.

யாரும் கூப்பிடாமலே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டையோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றீர்கள். போனவர் வேலையைத் தொடங்கினீர்களா? தொழிலக வழக்கம் அங்கேயும் வந்துவிட்டது. வாளியில் தண்ணீர், சட்டியில் மணல். எல்லோர் செருப்பும் தெருவில்.

“அடுப்ப அமத்து தாயி.”

“அண்ணே, உலையில அரிசி பாதி வெந்துக்கிட்டிருக்கு!”

“பாதி வெந்தது போதும். பெட்ரோலு இருக்க இடம்.”

காளிராஜ் தலை குனிந்து நின்றான். குழாயில் விரலோட்டிப் பார்த்து, “ஏலே, நாய் எலும்பக் கடிச்ச மாதிரி கடிச்சு வச்சிருக்கியேலே!” என்றீர்கள். அவ்வளவுதான் திட்டு. பெஞ்சு விளிம்பில் கட்டையைத் திருகி இறுக்கிக் குழாயை அதற்குள் அமர்த்தி, நைசான உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, நகத்தால் வருடினால் கீறல் தட்டாமல் போகும்வரை நீங்கள் விடவில்லை. ஆயில் இறங்கிய முன்பிரேக்கையும் கழுவித் துடைத்து, வேறொரு புதுச் சீல் மாட்டி ஃபோர்க்கைப் பூட்டும்போது அடுத்த சிக்கல்: அடியில் போல்ட்டைத் திருகினால் உள்ளே இருக்கும் தண்டும் கூடவே சுற்றும், இறுகாது. அதற்கும் உங்களிடம் ஒரு மண்வெட்டிக் காம்பு இருந்தது, நுனி சீவியது. அதை மேலிருந்து குழாய்க்குள் விட்டுச் செழியனைக் கூப்பிட்டீர்கள்.

“நானாண்ணே? எனக்குக் காலுல கட்டு.”

“காலுலதான கட்டு? கை சும்மாதான இருக்கு? பெஞ்சுல உக்காந்து இத அமுக்கிப் பிடி.”

மாதக்கணக்காக ஒரு வேலையும் செய்யாமல் கிடந்தவர் அன்று தன் பாரம் முழுவதையும் அந்தக் காம்பில் வைத்து அமுக்க, எங்கள் போர்மேன் நீங்கள் தரையில் மல்லாந்து கிடந்து போல்ட்டை இறுக்கினீர்கள்! மதியச் சாப்பாடு, உங்கள் துணைவியார் குருவம்மாள் அக்கா வீட்டிலிருந்து தூக்கி வந்த புளிச்சோறு. பாதி வெந்த சோறு கோழிக்குப் போனது.

மறுநாள் நாகஜோதி அந்த வண்டியில் வேலைக்கு வந்தாள். இன்றும் வருகிறாள். செழியன் இப்போது நடக்கிறார்.

அன்புக்குரியவரே! உங்கள் பொறுப்பில் இருந்த அறைகளுக்குள் காலையில் போன நாங்கள் எல்லோரும் மாலையில் எங்கள் பிள்ளைகளிடம் திரும்பிப் போனோம். இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அதட்டியபோது முணுமுணுத்தோம். மெத்தென்ற கையால் பிடிக்கப்பட்டிருக்கிறோம் என்பது அந்தக் கட்டையைப் பார்த்தபின் விளங்கியது. நன்றி என்ற சொல் சின்னது. அதைத்தான் எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம்.

இம்மடலுக்கு வேப்பமரத்தில் சட்டம் செய்தவன் காளிராஜ். அதில் ஓர் இரும்பாணிகூடக் கிடையாது. வேண்டுமானால் திருப்பிப் பாருங்கள், பார்ப்பீர்கள் என்று தெரியும். சுவரில் மாட்டுவதற்குப் பித்தளைக் கொக்கியும் பின்னால் ஒட்டியிருக்கிறான். குருவம்மாள் அக்காவோடு நோயில்லாமல் நூறாண்டு இருங்கள். அடுப்பை மட்டும் அடிக்கடி அணைக்கச் சொல்லாதீர்கள்.

ஓய்வு பெறுபவரைக் கம்பெனி வேனில் கொண்டுபோய் வீட்டில் விடுவது நம் வழக்கம். வேன் நிற்கிறது, அதில் மாலைகளும் பரிசுப் பாத்திரங்களும் குருவம்மாள் அக்காவும் வருவார்கள். உங்களுக்கு வேறு ஏற்பாடு. “அண்ணன நாந்தான் கொண்டுபோய் விடுவேன், யாரும் குறுக்க வராதீக” என்று நாகஜோதி காலையிலேயே சொல்லிவிட்டாள். கேட்டுக்கு வெளியே அவள் வண்டியைத் துடைத்து நிறுத்தியிருக்கிறாள். தயங்காமல் பின்னால் ஏறி உட்காருங்கள், அண்ணா.

பிரேக் பிடிக்கும்.

என்றும் உங்கள் பிடிக்குள் இருக்கும்,
மருந்தறை, திரி அறை, பேக்கிங், லோடு பகுதித் தொழிலாளர்கள்,
எம். புதுப்பட்டி.