ரோத்தானுக்குப் பென்ஷன்

வெள்ளத்தில் எங்கள் கோழிக்கூண்டு மிதந்து போனதே, அதற்கு மறுவாரம். கோலா கெத்தில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெரியவர், தன் மகளின் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொன்னார்.

“ரோத்தானுக்குப் பென்ஷன் கொடுத்துட்டேம்மா.”

“சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருப்பீங்களே, அந்தப் பிரம்பா?”

“அதேதான். பிள்ளைங்கள அடிக்கக்கூடாதுன்னு ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்களாம். அது இருக்குற வீட்டுக்கு லீவுல வரமாட்டேன்னுட்டா பேத்தி.”

“அவள நீங்க அடிச்சதே இல்லையே தாத்தா!”

“அடிக்கல லா. ஆனா சாமி கும்பிடறப்போல்லாம் கண்ண இறுக்க மூடிக்குவா. என்னா பக்தின்னு கோயில் பூரா பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். பிரம்பப் பாக்க பயந்துக்கிட்டு மூடியிருக்கா. இந்த மடையனுக்கு இப்பத்தான் வெளங்குது.”

அந்தம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பெரியவரும் சிரித்தார்.

“பாடாங் செராயில எறங்குனதும் அவகிட்ட சொல்லிடும்மா. ரோத்தான எரிச்சாச்சு, தாத்தா மட்டும்தான் இருக்கேன், வரச் சொல்லு.”