நாலு காலில் நின்ற மனிதர்

"எங்கட வீட்டு மனிசன் ஆட்டப் போல நாலு கால்ல நிண்டார் கா. நான்தான் அவர்ட வாய்க்க தண்ணி ஊத்தினன்."

பழுகாமத்துக்குப் போகும் தோணியில் எனக்கு முன்னால் இருந்த பெண் இதைச் சாதாரணமாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்த இளையவளின் மடியில் வயிறு ஊதிய ஆடு ஒன்று கண்ணை மூடிக் கிடந்தது. அந்தப் பெண்ணின் கணவரிடம்தான் வைத்தியத்துக்கு அதைக் கொண்டு போகிறாள்.

"ஏன் அக்கா அப்பிடி?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு அப்ப ஒரேயொரு ஆடு. அதுக்கு வருத்தம் வர, பிள்ளைக்குச் சங்கால குடுக்கிற மாதிரி மடியில மல்லாத்திப் போட்டு மருந்த ஊத்தினவர். புரைக்கேறி மடியிலேயே செத்துப் போச்சு. அண்டைக்கு அவர் சோறு தின்னல்ல. மறுகா வளவுக்க கைய ஊண்டிக் குனிஞ்சு நிண்டு, எனக்கு ஊத்திப் பார் எண்டார். தலைய உசத்தி ஊத்தினன், இருமினார். தலைய நேர வெச்சு, கடவாயால கொஞ்சம் கொஞ்சமா ஊத்தினன், இறங்கிட்டு."

தோணிக்காரர் துடுப்பு வலிப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊராக்கள் சிரிக்கல்லையா?" என்றார் அவர்.

"சிரிச்சவங்கதான் இப்ப ஆட்டோட வந்து வாசல்ல நிக்காங்க."

இளையவள் ஆட்டின் காதைத் தடவினாள். "இது மருந்தெண்டாத் துப்பிரும் அக்கா. கசப்புத் தாங்காது."

"அவர் முதல்ல தான் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத்தான் ஊத்துவார். ஆடு மூஞ்சியச் சுளிக்க முந்தி அவர் சுளிப்பார், பாரன்."