ஒன்பது நாளில் ஒரு கம்பெனி

பிள்ளைக்குப் பெயர் வைப்பதைவிடக் கம்பெனிக்குப் பெயர் வைப்பது கஷ்டம், ஐயா. என் மகளுக்கு ஒரே சாயங்காலத்தில் வைத்துவிட்டேன். கம்பெனிக்குப் பெயர் வைத்துப் பதிந்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. 'உயர்வு' என்று கேட்டேன். ஏற்கெனவே இருக்கிறது என்றார்கள். 'சிகரம்' என்றேன், அதுவும் இருந்தது. லிப்ட் பழுதுபார்க்கிறவனின் கற்பனை வேறு எங்கே போகும், மேலேதானே போகும்.

பதினெட்டு வருடம் என் சொந்தப் பெயரில்தான் தொழில். நான், ஒரு கருவிப்பெட்டி, ஒரு ஸ்கூட்டர். அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றுக்கு மாதப் பரிசோதனைக்குப் போனேன். மொட்டைமாடி மோட்டார் அறையில் பிரேக்கைத் திறந்தால், கட்டை தேய்ந்து இரும்பு பல்லை இளித்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் பார்க்காமலே 'சரி' என்று எழுதியிருந்தேன். லிப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் படியேற வேண்டும். எனக்கு முட்டிவலி.

மாற்றுவது அரைநாள் வேலை. ஆனால் லிப்ட்டை நிறுத்தினால் குடியிருப்புச் செயலாளர் ஏன் என்று கேட்பார், பழைய பதிவேட்டைப் புரட்டுவார். நான் நேரே ஆடிட்டரிடம் போனேன்.

"கம்பெனின்னா அது தனி ஆள் மாதிரி. தொழில் நொடிச்சாலும் உங்க வீட்டைத் தொட மாட்டாங்க," என்றார் அவர். "ஆனா உயிர் போச்சுன்னா, அலட்சியமா இருந்தது யாருன்னு ஆளைத் தேடுவாங்க."

முதல் பாதி காதில் தேனாக விழுந்தது. இரண்டாம் பாதிக்கு ஓர் ஆள் தேவை என்று புரிந்தது.

ஆள் வீட்டிலேயே இருந்தான். என் மனைவியின் தம்பி. பூட்டு சாவி ரிப்பேர் செய்பவன். லிப்ட்டில் பொத்தானை அமுக்கத் தெரியும், அவ்வளவுதான். அவனைத் தொழில்நுட்ப இயக்குநர் ஆக்கினேன். விசிட்டிங் கார்டைக் கையில் கொடுத்ததும் கண் கலங்கிவிட்டான்.

"படிச்சுப் பார்க்கணுமா மாமா?"

"நான் படிச்சிட்டேன் மாப்ளே. நீ கையெழுத்தைப் போடு."

போட்டான். பதிவுத் தாள்களுக்கு நடுவே தேதியில்லாத பரிசோதனைப் படிவங்களும் இருந்தன.

அந்த நாட்களில் குடியிருப்புக் காவலாளி இரண்டு முறை போன் செய்தார். நிற்கும்போது லிப்ட் குலுங்குகிறது என்றார். எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்றேன். அப்போது கம்பெனிப் பலகைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு என்றால் பச்சை என்று மகள் சொன்னாள். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, பதிவுச் சான்றிதழ் வந்தது. அன்று மாலையே ஐந்தாம் மாடிக்குப் போய்ச் செயலாளரிடம் கம்பெனி பெயரில் புது ஒப்பந்தம் வாங்கினேன். ஏறியதும் படியில், இறங்கியதும் படியில். முட்டி வலிக்கவே இல்லை.

பிரேக்கை மறுநாளே மாற்றியிருக்கலாம். திங்கட்கிழமை, கம்பெனியின் முதல் வேலையாகச் செய்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, நான்காம் மாடித் தையல்காரம்மா தைத்த துணிகளோடு கீழே இறங்கினார். கதவு திறந்தது. ஒரு காலை வெளியே வைத்தார். பிரேக் பிடிக்கவில்லை, எதிர்ப்பக்க எடை இழுக்க லிப்ட் மேலே நகர்ந்தது. மற்றதைப் புகைப்படத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நான் அழுதேன், ஐயா. அழுதுகொண்டே ஒரு படிவத்தை எடுத்து முந்தைய நாள் தேதியை எழுதினேன். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

மைத்துனன் உள்ளே போய் நாற்பது நாள் ஆகிறது. பார்க்கப் போனபோது என்னைத்தான் தேற்றினான். "கையெழுத்து என்னோடதுதானே மாமா. நான் போய்ப் பார்த்திருக்கணும்," என்றான். தையல்காரம்மாவின் வீட்டுக்காரருக்கு யார் மேல் கோபப்படுவது என்பதில் குழப்பமே இல்லை, அவனைத்தான் சபிக்கிறார்.

நேற்று என் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அவன் அந்த மோட்டார் ரூமுக்கு ஒரு தடவையாவது ஏறியிருக்கானா?"

சாப்பிட்டு முடித்தேன். காலையில் இங்கே, ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். பிரேக் தேய்ந்ததைப் பார்த்தவன் நான். தெரிந்தே லிப்ட்டை ஓடவிட்டவன் நான். படிவத்தில் தேதி போட்டவனும் நான். எதையும் மறைக்கவில்லை, அந்த அளவுக்கு நான் நேர்மையானவன்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், இங்கேயா?

ஒரே ஒரு சந்தேகம், ஐயா. என் பெயருக்கு மேலே 'கம்பெனிக்காக' என்று எழுதிக்கொள்ளலாமா?