மூளைக்கு எழுபத்திரண்டு

— நான் டாக்டர் இல்ல ஆன்டி. இந்த ஆராய்ச்சியில வேலை செய்ற ஆபீசர் மட்டும்தான். குளோரியான்னே கூப்பிடுங்க. மொதல்ல உக்காருங்க, கிள்ளான்லருந்து கொமுட்டர் ரயில்ல நின்னுக்கிட்டே வந்திருக்கீங்க.

— உக்கார்றதுக்கா வந்தேன்? என் தம்பி அய்யாவுக்கு என்னம்மா எழுதி அனுப்புனீங்க? அந்தக் காயிதம் வந்த நாள்லருந்து வேன் சாவிய ஆணியில மாட்டிட்டான். முப்பது வருசமா தெலுக் பங்லிமா காராங் பேக்டரிக்கு ஆள் ஏத்துனவன். “என் மூளை கெட்டுப்போச்சுக்கா”ன்னு செவத்தப் பாத்து உக்காந்திருக்கான்.

— கெட்டுப்போச்சுன்னு நாங்க எழுதலையே ஆன்டி. மலாய்க்காரங்க, சீனவங்க, நம்ம ஆளுங்க, யாருக்கு மூளை எப்படி வயசாகுதுன்னு ஒப்பிட்டுப் பாக்குறோம். அங்கிளுக்கும் ஸ்கேன் எடுத்தோம். பல நாட்டு ஆளுங்க மூளைய ஆயிரக்கணக்குல பாத்துப் பழகுன ஏஐ ஒண்ணு இருக்கு. படத்த மட்டும் வெச்சே அது வயசு சொல்லும். அங்கிளோட அடையாள அட்டை, ஐசியில, அறுபத்தேழு. அது எழுபத்திரண்டுன்னு சொல்லுது. அஞ்சு வயசு கூட. அதான் டாக்டரப் பாக்கச் சொன்னோம் லா.

— மெசினு சரியாத்தான் சொல்லியிருக்கு. ஐசிதான் பொய்.

— என்ன சொல்றீங்க?

— கதவ சாத்தும்மா. ரெஜிஸ்ட்ரேசன் ஆபீசு காதுல போடமாட்டேன்னு சொல்லு.

— சத்தியமா மாட்டேன்.

— எங்கப்பா பால்மரம் வெட்டுனவரு. தம்பி பொறந்தப்ப பதியல. தோட்டத்து லயத்துல அப்ப யாரு பதிஞ்சா? அப்புறம் அறுபத்தொம்போதாம் வருசம் வந்துச்சு வினை. பொறந்த காயிதம் இல்லாதவனுக்குச் செவப்பு ஐசி, இந்த நாட்டுக்காரன் இல்லன்னு அர்த்தம். பெர்மிட் இல்லன்னா வேலை இல்ல. லயத்துல பாதிப் பேரு பொட்டியக் கட்டிக்கிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டாங்க. எங்களுக்கு ஒரு கடைக்குட்டி இருந்தான். மெர்டேக்கா, சுதந்திரம் கெடச்சதுக்கு அடுத்த வருசம் பொறந்தவன். அவனுக்கு மட்டும் காயிதம் இருந்துச்சு. ரெண்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான்.

— அந்தக் காயிதத்த அங்கிளுக்கு...

— ஆமா. அன்னையோட ரெங்கசாமியா இருந்தவன், செத்த புள்ளையோட பேருல அய்யாவு ஆயிட்டான். ஐசி எடுக்கப் போனப்ப அவனுக்குப் பதினேழு. பன்னெண்டுன்னு சொல்லணும். மீசைய மழிச்சு, அரைக்கால் சட்டைய மாட்டிக் கூட்டிக்கிட்டுப் போனோம். எஸ்டேட் ஆபீசுல கணக்கெழுதுற கிராணி சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு.

— அப்ப நெசமான வயசே எழுபத்திரண்டு. அய்யோ ஆன்டி. தோட்டத்துல வளந்தவங்களுக்கு மூளை சீக்கிரம் முதுமையாகுதுன்னு எங்க டீம் கட்டுரையே எழுதிக்கிட்டு இருக்கு.

— எழுதுங்க. எங்க லயத்துல மட்டும் இந்த மாதிரி ஒம்போது பேரு. எல்லாம் அந்தக் கிராணி புண்ணியம்.

— முழுக்கத் திருப்பிப் பாக்கணும் போல. பெரிய உதவி பண்ணியிருக்கீங்க. இந்தப் படத்த வெச்சுப் பாத்தா அங்கிள் பயப்பட ஒண்ணுமில்ல. அவர் வயசுக்கு இருக்க வேண்டிய மூளைதான்.

— இதக் கேக்கத்தான் வந்தேன் கண்ணு. இன்னொரு தடவை சொல்லு.

— ஒண்ணுமில்ல ஆன்டி. நிம்மதியாப் போங்க... ஆனா ஒண்ணு. எங்க ஆராய்ச்சிப் பாரத்துல அவரு நெசமான வயச எழுதல, அது சரி, யாருக்கும் பயம் இருக்கும். ஆனா அஞ்சு வயசு கூடன்னு பாத்ததும் அவரு சிரிச்சிருக்கணுமே. காரணம் அவருக்குத்தானே மொதல்ல தெரியும். ஏன் பயந்தாரு?

— நானும் வழி பூரா அதைத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன்.

— அவர்கிட்ட இதப் பேசுனீங்களா?

— நேத்து பேசுனேன். மீசைய மழிச்சது, கிராணி, எல்லாம் சொன்னேன். யாரோ கதையக் கேக்குற மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தான். எப்பவும் அந்த மீசைக் கதைய அவன்தான் சொல்லுவான், கல்யாண வீட்டுல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. செத்துப்போன அந்தக் கடைக்குட்டிய இடுப்புல தூக்கிச் சோறு ஊட்டுனவன் அவன். அவன் மடியிலதான் உசுரு போச்சு. கடைசில என் கையப் புடிச்சுக்கிட்டுக் கேக்குறான், “எனக்குத் தம்பி இருந்தானாக்கா?”